அம்மனுக்குக் கண் எழுதிய நாள்

இன்று கோயிலுக்குள் நுழைந்ததும் ஈரக் களிமண் வாசனை வந்தது. என் வலது கை தானாக இடது கைத் தழும்பை மூடிக்கொண்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயமங்கலத்தில் திருவிழாவுக்கு மண்ணில் அம்மன் செய்தவர் என் அப்பா. விரதமிருந்து, கண்மாய் மண்ணை மிதித்துப் பிசைவார். கண்ணை மட்டும் கடைசியில் எழுதுவார். அதற்கு முன்னால் அம்மாவை எதிரே உட்காரவைத்து அறைவார். கலங்கும் அந்தக் கண்ணைப் பார்த்தால்தான் அவருக்குத் தூரிகை ஓடும்.

எனக்கு ஏழு வயதான வருடம், எவ்வளவு அடித்தும் அம்மா கண் கலங்கவில்லை.

"என்னடி, கல்லாப் போயிட்டியா? ஊர்க்காரக வாசல்ல நிக்கிறாக."

"அடிச்சு அடிச்சு வத்திப் போச்சு. இனி எங்கிட்டிருந்து வரும்?"

அப்பா அடுப்பிலிருந்து கொள்ளியை உருவி என் கையில் வைத்தார். நான் அலறினேன். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்படியே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக எழுத ஆரம்பித்தார்.

"இந்த வருசந்தான் ஆத்தா உசுரோட வந்திருக்கா" என்று ஊரே விழுந்து கும்பிட்டது. அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அவரை எரித்துவிடு தாயே என்று அந்தக் கண்ணைப் பார்த்து நானும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வருடம் கண் எழுதும் நாளில், என்னைக் கூப்பிட்டு அடுப்பு மூட்டச் சொன்னார்.

அவர் எண்பது வயதுவரை சுகமாக இருந்தார். நான் இன்றும் கும்பிடுகிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பது?