கழலாத கேப்பு

இன்று காலையிலும் அது வரவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, நடுவில் துளையிட்ட மரக்கட்டையை வைத்து, அதன் மேல் அந்தப் பித்தளைத் தோட்டாவை நிறுத்தி, வாய்வழியே கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் கம்பி வளைந்துவிட்டது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் சனியன இன்னும் விடலியா நீங்க?" என்றாள். மாசி மாதத்திலிருந்து இதுவரை நான்கு கம்பிகள் வளைந்திருக்கின்றன, ஒன்று முறிந்து தெறித்து மூக்குக்கண்ணாடியில் பட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தாயிற்று, வெந்நீரில் போட்டுப் பார்த்தாயிற்று, புளிக்கரைசலில் இரண்டு நாள் போட்டு வைத்தாயிற்று. பித்தளை பளபளவென்று ஆனதுதான் மிச்சம்.

துப்பாக்கி பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைவிரல் தடிமனில் இருக்கும் இந்தக் குழாயின் அடியில், நட்ட நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு மூடி பதிந்திருக்கும். அதைத்தான் கேப்பு என்போம். துப்பாக்கியின் ஊசி அதில் அடித்தால் தோட்டா வெடிக்கும், கேப்பில் ஒரு குழி விழும். பித்தளைத் தோட்டாவைத் தூக்கி எறிவதில்லை. வெடித்த கேப்பை உள்ளிருந்து கம்பியால் தள்ளி வெளியே எடுத்துவிட்டு, புதியதைப் பதித்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு கராஜில் இருந்துகொண்டு ஒரு கைப்பிடியை இழுத்தே ஒரு நிமிடத்தில் இருபது கேப்பைத் தட்டி விடுகிறார். வராவிட்டால் என்ன செய்வது என்று தனியாக ஒரு வீடியோவும் போட்டிருக்கிறார். அவர் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஈரமான டிராயரில் மாதக்கணக்கில் பூட்டி வைத்த தோட்டாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு முட்டாள்தனத்தை யாரும் செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

செய்தவன் நான்தான். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரு வாச்சர் இருந்தார். தோட்டத்தின் பேரில் லைசன்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி அவர் பொறுப்பில் இருந்தது. காட்டுப்பன்றி வந்து தேயிலைச் செடியின் வேரைக் கிளறிப் போடும். அதைவிட மோசம், விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் மேல் பாயும். பெண்கள் மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் போய் துப்பாக்கியால் வெடி வைத்துப் பன்றியைக் காட்டுக்குள் விரட்டுவதுதான் வாச்சரின் வேலை. அவருடைய மனைவியும் கொழுந்து பறிப்பவர்தான். உயரமான மனிதர், கால்கள் லேசாக வளைந்திருக்கும், எதைச் சொன்னாலும் "பாப்போம்ங்க" என்பார். என் அவசரத்துக்கு அந்தப் பதில் எண்ணெயை ஊற்றுவதுபோல இருக்கும்.

கடைகளில் தோட்டா கிடைக்காமல் போன பிறகு அவரிடம் இருந்தவை பத்தே பத்துப் பித்தளைத் தோட்டாக்கள். காலையில் சுட்டுவிட்டு வந்ததும் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, அன்றைக்கே கேப்பைத் தட்டி எடுத்து, வெந்நீரில் கழுவி, அடுப்போரம் காயவைத்து, மாலைக்குள் நிரப்பி வைத்துவிடுவார். பல வருஷமாக ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்த வேலை. அதில் மூக்கை நுழைத்தது நான்.

பக்கத்துத் தோட்டத்து வாச்சர் ஒருவர் தோட்டத்துத் தோட்டாவால் மான் வேட்டையாடி மாட்டிக்கொண்டார். தோட்டத்து மேனேஜரான எங்கள் தொரைக்கும் பயம் வந்துவிட்டது. "சுட்டதுக்கு என்ன கணக்கு, என்ன ருசு? ஏதாவது செய்யுங்க" என்றார். நான் ஓர் இரவு முழுக்க யோசித்து ஒரு சட்டம் எழுதினேன். சுட்ட தோட்டாவை வாச்சர் அன்றே ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். குழி விழுந்த கேப்பு அதிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் சுட்டதற்குச் சாட்சி. மாத முடிவில் தொரை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே தோட்டா வாச்சரிடம் திரும்பப் போகும். டைப் அடித்துச் சுவரில் ஒட்டியபோது எனக்கு என்ன பெருமிதம். தொரை தோளில் தட்டிக் கொடுத்தார்.

வாச்சர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அய்யா, அன்னைக்கே எடுத்தா ஒரு தட்டுல வந்துரும்ங்க. கெடந்துச்சுன்னா மருந்துக் கரி ஈரத்த இழுத்து, பித்தள பூத்துப் புடிச்சிக்கும். அப்பறம் வராதுங்க."

"கேப்பு இல்லாத தோட்டா வெறும் பித்தளைக் கொழாய்தானய்யா. நீ சுட்டன்னு நான் எதை வச்சுச் சொல்றது?" என்றேன்.

"நான் சொன்னா பத்தாதுங்களா?"

"பத்தாது" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எங்கள் ஆபீசின் ஈரம் எப்படிப்பட்டது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காலையில் உடைத்த பிஸ்கட் பாக்கெட் மத்தியானம் நமத்துப் போகும். ரெஜிஸ்டர்களின் ஓரத்தில் பூஞ்சணம் படரும். அந்த மேசை டிராயரில், பிஸ்கட் டின் ஒன்றில், சுட்ட தோட்டாக்களைத் துண்டுச்சீட்டுக் கட்டிப் போட்டுப் பூட்டி வைத்தேன். தொரை ஒரு மாதம் வருவார், ஒரு மாதம் கொழும்புக்குப் போய்விடுவார். டின்னைத் திறக்கும்போது தோட்டாக்களின் அடியில் பச்சை பூத்திருக்கும்.

அதன் பிறகு ஆரம்பித்தது ரோதனை. திரும்பப் போன தோட்டாவில் கேப்பு வரவில்லை. வாச்சரின் கம்பி வளைந்தது. தொழிற்சாலை பிட்டர், "கம்பி மட்டமுங்க" என்று உருக்குக் கம்பி ஒன்று செய்து கொடுத்தார். அது வளையவில்லை, கேப்பின் நடுவைத் துளைத்துக்கொண்டு போய் விளிம்பை வளையம்போல உள்ளேயே விட்டுவிட்டது. அப்படிப் போன தோட்டா போனதுதான், அதில் புதுக் கேப்பு உட்காராது. கட்டையின் துளை நேராக இல்லை என்றார் பிட்டர். கட்டையை மாற்றினார்கள். பலமாக அடிக்கிறான் என்றார் பிட்டர், வாச்சர் மெதுவாக அடித்தார். எண்ணெய் விட்டார்கள், சூடு காட்டினார்கள். ஒவ்வொரு நாள் காலையும் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் வாச்சர் என் முன்னால் வந்து நின்று, "இன்னைக்கும் வரலீங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் செய்த வேலை திடீரென்று எப்படி மறந்துபோகும் என்று கத்துவேன். வேண்டுமென்றே கெடுக்கிறார், சட்டம் பிடிக்காமல் என்னோடு மல்லுக்கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். தோட்டத்துச் சாமானைப் பாழாக்கியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாப்போம்ங்க" என்றார்.

அந்த மழைக்காலத்தில் நிலைமை இதுதான். பத்துத் தோட்டாவில் ஆறு என் டிராயரில். மூன்று, கேப்பு இறுகியும் துளைபட்டும், அவர் வீட்டில். சுடத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஏழாம் நம்பர் மலைக்குப் போனார். கீழ் ஓரத்தில் மூன்று பன்றிகள் நின்றிருக்கின்றன. சுட்டார், ஓடிவிட்டன. கால்மணி நேரம் கழித்துப் பெண்கள் மலை ஏறியபோது, மேல் பக்கத்து ஆளுயர மானாப்புல்லுக்குள்ளிருந்து தனிப்பன்றி ஒன்று பாய்ந்தது. வாச்சர் வெறும் துப்பாக்கியைக் கம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு கத்தியபடி மேலே ஓடியிருக்கிறார். அது ஒரு பெண்ணின் தொடையைக் கிழித்துவிட்டுத்தான் போனது. அந்தப் பெண் அவருடைய மனைவி.

கொழுந்து லொறியில் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவர் நேராக என் மேசைக்கு வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அன்றே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம் அல்லவா, அதற்காக வந்திருக்கிறார் என்று நினைத்து டிராயரையும் டின்னையும் திறந்தேன். அவர் இடுப்பிலிருந்து கம்பியையும் கட்டையையும் எடுத்து என் ரெஜிஸ்டர் மேல் வைத்தார். காலையில் சுட்ட தோட்டாவை நிறுத்தி, சிறு கல்லால் ஒரே ஒரு தட்டு. கேப்பு உருண்டு வந்து என் பேனாவின் பக்கத்தில் நின்றது.

"இது இன்னைக்குச் சுட்டதுங்க" என்றார்.

பிறகு திறந்திருந்த டிராயரிலிருந்து, என் கையெழுத்தில் சீட்டுக் கட்டிய ஒரு தோட்டாவை எடுத்து அதே கட்டையில் வைத்துத் தட்டினார். தட்டினார், தட்டினார். கம்பி வளைந்தது. அதை அப்படியே என் முன்னால் வைத்தார்.

"இது ஒங்க டிராயர்ல கெடந்ததுங்க."

அவ்வளவுதான். காலையில் சுட்ட தோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். நான் அந்தக் கேப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டுக்கொண்டேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும், தொரை விசாரித்தார். ஏன் சுடவில்லை என்று கேட்டார். ஒரு வெடி சுட்டேன், வேறு தோட்டா தயாராக இல்லை என்றார் வாச்சர். முந்தின நாள் சுட்ட தோட்டாவை அவரிடமிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்த தொரை, "இதுல கேப்பே இல்லையே, இது பழைய வெறுந்தோட்டா. நீ காலச் சுத்துக்குப் போகாம படுத்துத் தூங்கியிருக்க" என்றார். வெடிச் சத்தம் கேட்டதாகச் சொல்லவும் ஆள் இல்லை. மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பன்றியை விரட்ட விடியற்காலையில் பட்டாசு போடுவார்கள், எந்தச் சத்தம் எதனுடையது என்று யார் பிரித்துச் சொல்வது? தொரை என் பக்கம் திரும்பி, "கிளாக்கர், ஒங்ககிட்ட கேப்போட ஒப்படைச்சானா?" என்றார்.

வாச்சர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. சும்மா பார்த்தார். கேப்பு என் சட்டைப்பையில் இருந்தது, அதே சட்டை. அதை எடுத்து நீட்டியிருந்தால், ஏன் தோட்டா தயாராக இல்லை என்ற அடுத்த கேள்வி சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து எனக்கு. "கேப்போட ஒப்படைக்கல தொரை" என்றேன். சொல்லுக்குச் சொல் அது பொய்யில்லை. இருபத்தாறு வருஷ ஆபீஸ் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

அவரை வாச்சர் வேலையிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். என் சட்டத்தைக் கொஞ்ச நாளில் நானே சத்தமில்லாமல் கிழித்தேன். வழியில் கண்டால் அவர் ஒதுங்கி நின்று கும்பிடுவார், அதைவிட அடித்திருக்கலாம். பிறகு நான் ஓய்வு பெற்று ஹட்டனுக்கு வந்துவிட்டேன். வரும்போது டிராயரைக் காலி செய்ததில் அந்த இறுகிய தோட்டாவும் என்னோடு வந்துவிட்டது. கேப்பை முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பஞ்சுத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன்.

போன மாசியில் வாச்சர் இறந்துபோனார். கருமாதிக்குப் போனேன். அவர் மனைவி இப்போது கொழுந்து பறிப்பதில்லை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"அய்யா, ஒன்னு கேக்கணும்ங்க. அன்னைக்கு அவரு சுட்டாருங்களா?"

நான் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன்.

"சுட்டேன், சுட்டேன்னுதான் சாகுற வரைக்கும் சொன்னாரு. நம்புறேன்னுதான் நானும் சொன்னேன். ஆனா நம்பலீங்க. நான் மல ஏறுறது தெரிஞ்சும் தூங்கிட்டாரேன்னு இத்தன வருசமும் மனசுக்குள்ள வச்சிருந்தேன். அவருக்கும் அது தெரியும்ங்க."

"சுட்டாரும்மா" என்றேன்.

"ஒங்களுக்கு எப்புடிங்கய்யா தெரியும்?"

அதற்குள் யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போனார். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் தினமும் காலையில் இந்தத் தட்டல். இதைக் கழற்றி முடித்ததும் லிந்துலைக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நான்காவது கம்பி வளைந்தபோதுதான், நான் எதற்காக இத்தனை பாடுபடுகிறேன் என்பது உறைத்தது. இது கழன்று வந்துவிட்டால், டிராயரில் கிடந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அந்த ஆளுக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியும். அதற்குத்தான் இவ்வளவும். எத்தனை கம்பி வளைந்தாலும் அது வரப்போவதில்லை. சட்டம் போட்ட முதல் வாரத்திலேயே வாச்சர் என்னிடம் சொல்லியிருந்தார்.

தோட்டாவைத் துடைத்துப் பையில் போட்டேன். பஞ்சில் சுற்றிய கேப்பை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதன் நடுவில் குழி அப்படியே இருக்கிறது. "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. எட்டரை பஸ் போயிருக்கும். பத்தே காலுக்கு இன்னொன்று இருக்கிறது.