ரீவைண்ட் செய்த கேசட்

சுகுமாரன் சார் வாடகைக்கு எடுத்த கேசட்டை என் முன்னால் மேசையில் போட்ட சத்தத்தில் கடை முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"எடே, ரீவைண்ட் பண்ணாம தந்துட்டியே! போட்டதும் ஒரு கெழவன் நாற்காலியில செத்து இருக்கான். கிளைமாக்ஸ் முதல்ல பாத்தா பின்ன எந்தா படம்?"

தொண்ணூறுகளில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் சாலைக் கடைவீதியில் ஒரு வீடியோ கடையில் கவுண்டரில் நின்றேன். திரும்பி வரும் கேசட்டை ரீவைண்ட் செய்து அடுத்தவருக்குக் கொடுப்பது என் பொறுப்பு. சார் கொண்டுவந்தது ஒரு இங்கிலீஷ் சயன்ஸ் படம். ஏற்கெனவே இரண்டு பேர் இதே புகாரோடு வந்திருந்தார்கள்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். "ஏலே, கையில என்ன வாதமா? நாளைக்கு வர வேண்டாம்."

"பண்ணினேன் அண்ணாச்சி."

"அப்ப சார் பொய் சொல்லுதாரா?"

நான் ஐந்தாவது வரை படித்தவன். இந்த வேலை போனால் வேறு கிடைக்காது. கேசட்டைக் கடை வி.சி.ஆரில் போட்டு ரீவைண்ட் அழுத்தினேன். கொஞ்சம் ஓடி டக்கென்று நின்றது. அதற்கு முன்னால் நாடா இல்லை. பிளே கொடுத்தேன். படத்தின் பெயர்கூட வரவில்லை. நேரே செத்த கிழவன். கதவைத் திறந்து ஒரு வாலிபன் வந்தான்.

"டேப்பே கோளாறு. தூரப் போடு" என்றார் முதலாளி.

"முழுசா ஓடட்டும் அண்ணாச்சி. அப்புறம் போறேன்."

சார் ஆபீஸ் உண்டு என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த வாலிபன் விஞ்ஞானி, செத்தவன் யார் என்று கண்டுபிடிக்கக் காலத்தில் முன்னும் பின்னும் போகிறான் என்றார். நடுவில் "ஒண்ணும் பிடிகிட்டல" என்று தலையைச் சொறிந்தார். எழுந்து போகவில்லை.

கடைசியில் விஞ்ஞானிக்கு வயதாகிவிட்டது. அதே அறைக்கு வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். கதவு திறந்தது. வாலிபனாக அவனே உள்ளே வந்தான்.

சார் எழுந்துவிட்டார். "எடே, அந்தக் கெழவன் இவன்தானா!"

"தன்னையேவா இவ்வளவு நேரம் தேடினான், கூறுகெட்டவன்?" என்றார் முதலாளி.

"ஒரு தடவ கூடி தா. முதல்ல இருந்து பாக்கணும்" என்றார் சார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நேரத்தோட வந்துரு."

அதன்பிறகு அந்தப் படத்தைக் கொடுக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன். "முதல்ல ஒரு கெழவன் செத்திருப்பான். கேசட் சரிதான். கடைசி வரைக்கும் பாருங்க." புகார் வரவில்லை.

சார் அந்தக் கேசட்டை ரீவைண்ட் செய்யாமல்தான் திருப்பிக் கொடுத்தார். நானே செய்து வைத்தேன்.

கவுண்டரில் நிற்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வேலை சரி என்று தெரிந்தால் சத்தம் போடாதீர்கள். எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள்.