பியோ தால்-சுவின் மூன்றாம் தரம்

எங்கள் மாஜாங் இறைச்சிச் சந்தையில் பியோ தால்-சுவிடம் நல்ல பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மாட்டிறைச்சிக்குப் போடும் தரத்தையே மனுஷருக்கும் போடுவார். ஒன்று ப்ளஸ் ப்ளஸ் என்றால் உச்சம். மூன்று என்றால் அடிமட்டம். அதைத் தன் கடைப் படியே ஏற விடமாட்டார். மாப்பிள்ளைக்கு இரண்டு. மனைவி மால்-சுன் வைக்கும் முள்ளங்கி சூப்புக்கு ஒன்று ப்ளஸ். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துக் கடையில் குடலும் ஈரலும் விற்கிறவள் நான்; எனக்கு மட்டும் எந்தத் தரமும் கிடையாது. கேட்டால், "குடலுக்கெல்லாம் ஏது தரம், ஓக்-பூன்?" என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அறுபத்தொரு வயதில் அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. வலியில்லை, ஒன்றுமில்லை. வருஷாந்தர உடல் பரிசோதனையில் தற்செயலாகத் தட்டுப்பட்டது. மார்ச் மாதம் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் சந்தைக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக் காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"படிச்சுப் பாரு. புத்துநோயாம், தரம் மூணாம்."

"மூணா?"

"மட்டமான சரக்கு. எனக்கு வந்ததுகூட வீரியமில்லாம வந்திருக்கு பாரேன்."

டாக்டர் விளக்கித்தான் சொல்லியிருப்பார். ஆனால் 'தரம் மூன்று' என்று காதில் விழுந்ததுமே இவர் மனசு குளிர்ந்து, மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கசாப்புக்காரர்கள். எங்களுக்கா தரம் தெரியாது? சந்தை முழுக்கக் கைகுலுக்கி வாழ்த்தியது. விலா எலும்புக் கடைக்காரர் மட்டும், "என் மச்சானுக்கு ஒண்ணாந்தரம் வந்துச்சாம், பாவம்" என்று வருத்தப்பட்டார்.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் விழுந்தது. பண்டிகைப் பரிசாகப் போகும் இறைச்சிப் பெட்டிகளை மலைபோல் கட்டி அனுப்பவேண்டிய வாரம் அது. மூச்சுவிட நேரமிருக்காது.

"மூணாந்தரத்துக்குப் போய் ஸ்கேன் எதுக்கு?" என்றார்.

"போகாட்டிதான் என்ன, அண்ணே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன் நான். வாய்கூசாமல் சொன்னேன்.

குறித்த நாளுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் கையெல்லாம் கொழுப்பு. என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஹா என்ற நர்ஸ் பேசினாள்.

"ஐயா, நாளைக்குக் காலையில சாப்பிடாம வரணும். ஞாபகம் இருக்குல்ல?"

"வரலம்மா. எனக்கு மட்டமானதுதானே வந்துச்சு. மூணாந்தரம்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயா என்ன தொழில் பண்றீங்க?"

"மாட்டிறைச்சிக் கடை."

"அதான பாத்தேன். ஐயா, இது அந்தத் தரம் இல்ல. கட்டி எவ்வளவு முரடுங்கிறதுக்குப் போடற நம்பர். ஒண்ணுன்னா சாது, நாலுன்னா ரவுடி. உங்களுது மூணு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எதிர்க் கடையில் எலும்பு அறுக்கிற மிஷினையும் யாரோ நிறுத்தினார்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு நாங்க புள்ளி போடுவோம். கட்டி அஞ்சு சென்டிமீட்டர், அதுக்கு ரெண்டு. முரட்டுத்தனத்துக்கு ஒண்ணு. ஆக மொத்தம் மூணு புள்ளி. ரெண்டோட நின்னிருந்தா பயம் கம்மின்னு விட்டிருப்போம். அந்த ஒரு புள்ளியாலதான் நடுக் கூட்டத்துக்கு வந்துட்டீங்க. திரும்ப வர வாய்ப்பு இருக்கு. அதனாலதான் கூப்பிடறோம்."

"அப்ப எனக்குச் சாதகமா ஒண்ணுமே இல்லியா?" குரல் இறங்கிவிட்டது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

"ஏன் இல்ல? கட்டி சிறுநீரகத்த விட்டு வெளிய போகல. உள்ள அழுகல் இல்ல. வலி வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. ரத்தத்துல அழற்சி இல்ல. நீங்களும் இளைச்சுப் போகல."

"கேட்டியா, ஓக்-பூன்? என் தொப்பைக்கு மார்க் உண்டாம்."

"தொப்பைக்கு இல்லீங்க, இளைக்காததுக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க."

மறுநாள் அவர் கடையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். குடல்காரி வெட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. பழைய நோய்தான் பரவியிருந்தது, சோயா பருப்பளவு. ஒன்றே ஒன்று. சின்னத் துளை போட்டு அதையும் எடுத்தார்கள். ஒன்றாக இருக்கும்போதே கையில் சிக்கியது நல்ல காலம் என்றார் டாக்டர். சேதி வந்த அன்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

இப்போது ஆறு வருஷமாகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கடையைச் சாத்திவிட்டு நானும் போகிறேன். "துணைக்கு வர்றாளாம், வியாபாரம் ஓடல போல" என்று அவர் கிண்டலடிப்பார். போன மாதம், அவர் டாக்டரிடம் முடிவு கேட்க உள்ளே போயிருக்கும்போது மால்-சுன் கேட்டாள்.

"உனக்கு எதுக்குடி இந்த அலைச்சல்?"

இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "அன்னிக்கு ஸ்கேனுக்குப் போகவேண்டாம்னு சொன்னதே நான்தான், அண்ணி."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"முந்தின நாள் வீட்ல நானும் அதையேதான் சொன்னேன்" என்றாள்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. ஒன்றுமில்லையாம், சுத்தமாக இருக்கிறதாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டா?" என்று கேட்டார்.