காப்பெலில் ஒரு ஜப்பானியப் பேய்

சனிக்கிழமை காலை. டாலஸுக்குப் பக்கத்தில், காப்பெல் நூலகத்தில் குழந்தைகள் கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பனின் மனைவி சுமதி ஜப்பானியப் பேய்க்கதை வாசிக்கிறாள். ஆசியக் கதை நேரத்துக்கு ஆள் கேட்டார்களாம், அவள் ஊர் கோயம்புத்தூரும் ஆசியாதானே. கையில் இருப்பது, ஜப்பானில் குடியேறிய ஒரு வெள்ளைக்கார எழுத்தாளர், ஜப்பானிய மனைவி சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம்.

பின்வரிசையில் ஒரு ஜப்பானியப் பெண்மணி நோட்டில் குறித்துக்கொண்டே இருக்கிறார். சுமதியின் குரல் இறங்குகிறது. பக்கம் புரட்டும் சாக்கில் என் பக்கம் சாய்கிறாள்.

"அண்ணா, பேரெல்லாம் தப்பா ப்ரொனௌன்ஸ் பண்றேன்போல. கம்ப்ளெயின்ட் பண்ணப் போறாங்க."

கதை முடிந்ததும் அந்தப் பெண்மணி நேரே வந்து கை குலுக்குகிறார். பள்ளிக்கூடத்தில் படித்த கதையாம், இதே ஆங்கிலப் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பில். குறித்துக்கொண்டது, பிள்ளைகள் எங்கெங்கே பயந்தார்கள் என்பதை. அடுத்த சனிக்கிழமை வாசிப்பது அவர்தான். வாசிக்கப்போகும் ஆங்கிலப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்: தமிழ்நாட்டுப் பேய்க்கதைகள், தொகுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார்.

சுமதி பொருளடக்கத்தில் விரலை ஓட்டுகிறாள்.

"ஒண்ணுகூடத் தெரியல. நீங்க ரைட்டராச்சே அண்ணா, உங்களுக்கு?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படிக்கிறேன். இரண்டு முறை.

சென்னைக்கு என் விமானம் புதன்கிழமை. அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ள முடியுமா என்று போனில் பார்க்கிறேன்.