கணேசன் மாமாவின் எழுத்தளவு

நேற்று மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியில் எழுத்துகளைப் பெரிதாக வைத்திருந்தார். திரைக்கு நாலே வார்த்தை. பெட்டியில் பாதிப் பேர் படித்திருக்கலாம். அவருக்குக் கூச்சமே இல்லை. எனக்குத்தான் என்னவோ போலாகி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த ஊரிலேயே என் முதல் வேலை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அசல் சான்றிதழ்கள் பவானிபூரில் முதலாளியின் இரும்பு பீரோவுக்குள். சேர்ந்த மூன்றாம் வாரமே ஓடிவிடத் தோன்றியது. பீரோ நினைவுக்கு வரும். அவர் என்னை அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில், நானே எழுதிய மென்பொருளைப் பார்த்துக்கொள்ள உட்காரவைத்தார். கம்பி ஜன்னல், ஈரச் சுவர், பழைய காகித வாசனை. இன்றும் மழைக்காலத்தில் என் துணி அலமாரியைத் திறந்தால் அந்த அறைதான் வெளியே வருகிறது.

அங்கே எட்டு எழுத்தர்கள், மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ். எது காலியோ அதில் உட்காருவார்கள். எழுத்தின் அளவு, நிறம் என்று ஒருவர் தேர்ந்தெடுப்பதை என் மென்பொருள் ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைக்கும். அந்தக் கோப்பை நான் மென்பொருள் இருந்த இடத்திலேயே போட்டிருந்தேன். படித்த பெண் செய்கிற காரியமா? அதனால் ஒருவர் எழுந்ததும் அடுத்தவருக்கு அவருடைய எழுத்தே வந்து நிற்கும்.

"கணேஷ் தா, இது என்ன சினிமா போஸ்டரா?" என்று எழுத்தர்களில் ஒருவரான சுக்லா தீ வங்காளியில் கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பார். அங்கே தா என்றால் அண்ணன், தீ என்றால் அக்கா.

அவர்களுக்குக் கணேஷ் தா, எனக்குக் கணேசன் மாமா. அந்த எட்டு எழுத்தர்களில் ஒருவர், எங்களைப் போலவே லேக் கார்டன்ஸ் பகுதித் தமிழர். ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டு. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சாதாரணக் குரலில், அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில் சொன்னார்: "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. ஹெட் கிளார்க் பெரியபாபுவுக்குத் தெரிஞ்சா கீழ ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடுவார். அந்தத் தூசியில எனக்கு மூச்சே விட முடியாது. உங்க அம்மாகிட்டயும் சொல்லிடாத, மாமிக்குப் போயிடும்."

அந்தச் சின்னக் கோப்பை எங்கே வைப்பது என்று அன்றே பட்டியல் போட்டேன். விண்டோஸில் பயனருக்கென்று உள்ள மறைவான கோப்புறை. லினக்ஸில் அவருடைய கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர். மென்பொருள் இருக்கும் இடத்தை இனித் தொடக்கூடாது. பெருமையோடு மாற்றிவைத்தேன். மறுநாளும் சினிமா போஸ்டர்தான். எட்டுப் பேரும் ஒரே பெயரில்தான் உள்ளே நுழைகிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருந்தன. கணினிக்கு எட்டுப் பேரும் ஒரே ஆள்.

தனித்தனிப் பெயர் கேட்டேன். "ஒரு செக்‌ஷனுக்கு ஒரு பேர் போதும்," என்றார் தலைமை எழுத்தரான பெரியபாபு.

கடைசியில் கண்ட வழி ஒரு ஃப்ளாப்பி வட்டு. அது செருகியிருந்தால் மென்பொருள் அதில் குறித்திருக்கும் எழுத்தளவை எடுத்துக்கொள்ளும். எந்தக் கணினியானாலும் சரி. உருவிவிட்டால் எல்லோருக்கும் பொதுவான சின்ன எழுத்து. உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் சுவர், ஆகவே வேலை செய்யும்போது யாரும் பார்க்க முடியாது. மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்.

"அதுல என்ன, லவ் லெட்டரா?" என்பார் சுக்லா தீ.

"வீட்டுக்காரி குடுத்த மளிகை லிஸ்ட்," என்பார் மாமா.

ஒப்பந்தம் முடிந்தது, சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பின்னால் வரும் பெண்ணுக்கு ஒப்படைப்புப் பட்டியல் எழுதினேன். ஒன்பது வரி. பத்தாவதாக ஃப்ளாப்பியை எழுதவேண்டும். எழுதினால் அது பெரியபாபு கையெழுத்திடும் தாள். எழுதவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணே ஃபோன் செய்தாள். "தீதி, புது கம்ப்யூட்டர் வந்திருக்கு, ஃப்ளாப்பி போட இடமில்ல. கணேஷ் தா இதை எங்க போடறதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கார். இது என்னது? லிஸ்ட்ல இல்லையே?"

மாமாவின் கண் விஷயம் வாய் வரை வந்தது. "அவர்கிட்ட குடு," என்றேன்.

"நீ யார்கிட்டயும் சொல்லலையே?" என்றார் மாமா.

"சொல்லல மாமா. இப்ப அவகிட்ட சொன்னா வேற வழி பண்ணுவா."

"வேண்டாம்மா. சொல்லல இல்ல, அது போதும்."

பூஜை விடுமுறை முடிந்ததும் அவர் கீழே ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டதாக மாமி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். காரணம் மாமிக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டபோது எனக்கும் தெரியாது என்றேன்.

இப்போது அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்கிறார்கள். காலண்டருக்குக் கீழே காகிதம் இல்லை. ஃப்ளாப்பி செருகியதும் கேட்கும் அந்தக் கரகர சத்தமும் இல்லை. எழுத்தளவை எங்கே வைப்பது என்று யாரும் யாரிடமும் ரகசியமாகக் கேட்க வேண்டியதில்லை. கணேசன் மாமாவும் இல்லை.