உடைக்காத வாங்கு

எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தில் என் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கடை நொடித்து, நீதிமன்றம் அவரைக் கடன் தீர்க்க வழியில்லாத வங்குறோத்தானவர் என்று அறிவித்தது. அப்படிப்பட்டவரை எப்படிப் போய்ப் பார்ப்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்த முறையைச் செய்தார்கள். செத்தவீட்டுக்குப் போவதுபோல் பிளாஸ்கில் தேநீரும் சட்டியில் புட்டுமாகப் போனார்கள். என் மனைவி சம்பல் அரைத்துக் கொடுத்தார். நாட்கள் போயின, அந்த வீட்டில் அடுப்பு மூட்டவே தேவை வரவில்லை. மனிதர் கொஞ்சம் சதை போட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

புதுக்கடை நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து நான் ஓய்வு பெற்றபோது ஒரு பிஸ்கட் பெட்டிகூட என் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கென்று இருந்தது கீழ்த்தளத்தில் நாலு பேர் சேர்ந்து இருக்கக்கூடிய மரவாங்கு ஒன்றுதான். மாடிக் குழுவுக்கு விண்ணப்பித்து, கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, நான் போடுவித்தது. மாலையில் அதில் இருந்தால் பென்ஷனுக்கும் காணி உறுதிக்கும் ஆட்கள் யோசனை கேட்டு வருவார்கள். இரும்புக்கடைக்காரர் வீட்டில் வருகிறவர்கள் இருக்கக் கதிரைகள் போதவில்லை என்று யாரோ அதைத் தூக்கி மேலே கொண்டுபோய்விட்டார்கள். பொதுச் சொத்தை இடம்மாற்றுவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை.

மீட்கப் போனேன். சனம் நிறைந்திருந்தது. என் வாங்கின் நடுவில் அவர். நேரே கேட்க மனம் வராமல், வங்குறோத்துக்கு ஆங்கிலமான பாங்க்ரப்ட் என்ற சொல்லை விளக்கத் தொடங்கினேன். அந்தக்கால இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் சந்தையில் வாங்கு போட்டுத் தொழில் செய்தார்கள். ஒருவன் கடன் கட்ட முடியாமல் போனால் அவனுடைய வாங்கை உடைத்துவிடுவார்களாம். அந்த ‘உடைந்த வாங்கு’தான் பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் ஒல்லாந்து உறவுக்காரன் கப்பலேறி வந்து எங்களிடம் வங்குறோத்து ஆனான். உடைத்த பிறகு அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் குந்தமாட்டார்கள் என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

அவர் புட்டை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“ஐசே, எங்கட சனம் உடைக்கேல்ல. இன்னொண்டு கொண்டந்தெல்லோ போட்டிருக்குதுகள். வாரும், இதில இரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், வங்குறோத்தானவர் வங்கிக் கணக்குத் திறக்கலாமா என்று கேட்டார். என்னை அல்ல, அவரை. அவர் தப்பான பதிலைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

“இஞ்சேருங்கோ,” என்றார் அங்கே சம்பல் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி மெதுவாக, “இப்ப உந்தக் கதை தேவையே?”

கீழே இறங்கி வந்தேன். வாங்கு இருந்த இடத்தில் அதன் கால்களின் தடம் சீமெந்தில் வெளுத்துக் கிடந்தது. முதலாம் மாடி விதவை கையில் பென்ஷன் கடிதத்துடன் வந்து, வாங்கு எங்கே என்று கேட்டார். மேலே என்றேன். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு படியேறிப் போனார்.