கால் முட்டாத தண்ணீர்

தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்தபோது அதிகாரி, "நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நான் குருநகர், ஐயா!" என்றேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு அது போதாதா? வரிசையில் பக்கத்தில் நின்ற, கடலே இல்லாத மருதனார்மடத்துத் தோட்டக்காரனைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தும் வைத்தேன்.

உண்மையில், நாங்கள் வலை இழுக்கும் பரவைக்கடலில் நெஞ்சளவு தண்ணீர்தான். சோதனைக்காகக் கேணியில் குதித்ததும் என் கால்கள் நிலத்தைத் தேடின. நிலம் இல்லை. தலைமயிரைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்தவன் அந்தத் தோட்டக்காரன்தான்.

"எங்கடை தோட்டக் கிணத்துக்கு வா. பழக்கிவிடுறன்," என்றான்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு மாதம் தினமும் சைக்கிள் மிதித்தேன். வயிறு முட்டக் கிணற்றுத் தண்ணீர் குடித்தேன், விடவில்லை.

மறு சோதனை நாளில் அதே அதிகாரி, அதே கேள்வி. நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"ஓம், ஐயா. மருதனார்மடத்திலை பழகினனான்."